சுவருக்கும் கண் உண்டு



சுவருக்கும் காது உண்டு என்பது நம் பெரியவர்கள் வாக்கு. லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரே பலகைச் சுவர். இந்தப் பக்கம் பிள்ளை இருமினால், அந்தப் பக்கத்து அம்மாள் சுக்குத் தட்டத் தொடங்கிவிடுவார். புருஷன் பெண்சாதி சண்டையும் அப்படித்தான். விடிந்து பெரட்டுக்குப் போவதற்குள் பத்து வீட்டுக்கும் சேதி போய்விடும்.

காது இருந்த சுவருக்குக் கண்ணும் முளைத்துவிட்டால் என்ன ஆகும்? சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் நானும் என் பழைய மாணவர்கள் சிலரும் இந்தக் கேள்வியை மேடையேற்றிப் பார்த்தோம். அதில் நான் கற்றுக்கொண்டதும், நான் செய்த ஒரு தவறும் உங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. தோட்டம் என்பது இப்போது பெயரில்தான் இருக்கிறது. இரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகு காலமாகிவிட்டது. லயங்களில் பாதி இடிந்து கிடக்கின்றன. குடும்பங்கள் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபோய்விட்டன. ஆனாலும் பழைய மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை பள்ளி மண்டபத்தில் கூடுவதை விடவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு நாடகமும் உண்டு.

"டீச்சர், இந்த வருஷமும் குடியின் கேடுதானா?" என்று ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு பையன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். "வேற என்ன போடலாம், நீயே சொல்" என்றேன். "எங்க ஆங்கில வாத்தியார் ஒரு கதை சொன்னாரு. வீட்டுக்குள்ள ஒரு திரை இருக்கும். நாம அதைப் பார்ப்போம், அதுவும் நம்மளப் பார்க்கும். அதைப் போடலாம் டீச்சர்" என்றான். அப்படித்தான் ஜார்ஜ் ஓர்வெல் எழுதிய '1984' எங்கள் மண்டபத்துக்கு வந்தது.

கதையும் கதை எழுதியவரும்

இந்த எழுத்தாளர் நமக்கு அவ்வளவு அந்நியர் அல்லர். அவருடைய இயற்பெயர் எரிக் பிளேர். 1903-ஆம் ஆண்டு, இன்று பீகார் மாநிலத்தில் இருக்கும் மோதிஹாரி என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் அங்கே வெள்ளைக்கார அரசாங்கத்தின் அபினி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். மகன் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தார். ஆக, மக்களைக் கண்காணிக்கும் வேலையைத் தாமே செய்து பார்த்துவிட்டு, அது பிடிக்காமல் விலகியவர் எழுதிய கதை இது.

கதை இதுதான். வின்ஸ்டன் என்பவன் ஒரு கட்சி ஆளும் நாட்டில் சாதாரண எழுத்து வேலை பார்க்கிறான். பழைய செய்தித்தாள்களைத் திருத்தி எழுதுவது அவன் வேலை. நேற்று அரசாங்கம் சொன்னது இன்று பொய்யாகிவிட்டால், நேற்றைய தாளையே மாற்றிவிட வேண்டும். கட்சிக்காரர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு தொலைத்திரை. அதை அணைக்க முடியாது. அது எந்த நேரம் நம்மைப் பார்க்கிறது என்பதும் தெரியாது; ஆகவே எல்லா நேரமும் பார்க்கிறது என்று எண்ணியே வாழ வேண்டும். தெருவெல்லாம் 'பெரியண்ணன் உன்னைக் கவனிக்கிறார்' என்று படம் ஒட்டியிருக்கிறது.

வின்ஸ்டன் செய்த முதல் குற்றம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாட்குறிப்பு எழுதியது. இரண்டாவது குற்றம் ஜூலியா என்ற பெண்ணை விரும்பியது. இருவரும் பிடிபடுகிறார்கள். வின்ஸ்டனுக்கு உலகத்திலேயே அதிகப் பயம் எலி. அந்த எலியைக் காட்டியே அவன் மனத்தை உடைத்து, தான் விரும்பியவளைத் தானே காட்டிக்கொடுக்கும்படி செய்துவிடுகிறார்கள். கடைசியில் அவன் பெரியண்ணனையே நேசிக்கத் தொடங்குகிறான். அத்துடன் கதை முடிகிறது.

செம்பனைக் காட்டுப் பிள்ளைகளுக்கு எலியைப் பற்றி விளக்கம் தேவைப்படவில்லை. எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கும் தோட்டங்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 'பெரியண்ணன்' என்ற பெயரில்தான் சிக்கல் வந்தது. "டீச்சர், பெரியண்ணன்னா எனக்குப் பயமே வரலை. எங்க பெரியண்ணன்தான் தீபாவளிக்குத் துணி எடுத்துக் குடுக்கும்" என்றாள் ஒரு பெண். நான் சிறிது நேரம் யோசித்தேன். அந்தப் பெயரின் சூது அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பயமுறுத்துகிறவன் பாசத்தின் பெயரை வைத்துக்கொண்டுதான் வருகிறான். பெயரை மாற்றாமல் விட்டுவிட்டோம்.

பாட்டி சொன்ன பெரட்டு

ஜூலியா வேடத்துக்குத் தேர்ந்த பெண்ணுக்கு வயது பதினாறு. ஒத்திகைக்குத் துணையாக அவளுடைய அப்பாயி வருவார். எண்பதைத் தாண்டியவர். பின்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கவனிப்பார். ஒட்டுப்பலகையில் பெரிதாகத் தீட்டிய இரண்டு கண்களை மேடையில் நிறுத்திய அன்று, "என்னா டீச்சரம்மா, பெரட்டுக் களத்துல தொரை நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அன்றைக்கு ஒத்திகை நின்றுபோனது. பாட்டி பேச, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

விடிவதற்கு முன்பே பெரட்டு. கிராணி செக்ரோலில் பெயர் கூப்பிடுவார். பெயர் இருந்தால் வேலை, வேலை இருந்தால் சம்பளம். பங்களா மேட்டில் இருக்கும். லயம் பள்ளத்தில் இருக்கும். மேலேயிருந்து பார்த்தால் எந்த வீட்டில் அடுப்புப் புகைகிறது என்பது கூடத் தெரியும்.

பிறகு அவசரகாலம் வந்தது. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 18-ஆம் நாள் மலாயா முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை வந்தது. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத்து லயங்களும் முள்வேலிக்குள் வந்தன. காட்டில் இருந்தவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக அரிசிக்கு அளவு வைத்தார்கள். கடையில் வாங்கும் தகரடப்பிகளைக் கூட ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார்கள். 1960 ஜூலை 31-இல்தான் அவசரகாலம் முடிந்தது.

"வேலைக்குப் போறப்ப கேட்டுல நிறுத்தி, எங்கம்மா தூக்குச்சட்டியத் தெறந்து பார்ப்பான்" என்றார் பாட்டி. "சோறு இருக்கான்னு."

ஓர்வெல்லின் நாவல் இலண்டனில் வெளியானது 1949 ஜூன் 8-ஆம் நாள். மலாயாவில் அவசரகாலம் வந்து ஓராண்டு நிறையப் பத்து நாள் இருந்தது. அவர் எதிர்காலம் என்று கற்பனை செய்ததில் ஒரு பங்கை நம் தாத்தா பாட்டிமார் அப்போதே நிஜமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அன்று முதல் எங்கள் நாடகம் மாறிவிட்டது. முதல் காட்சி பெரட்டாயிற்று. கதையில் வின்ஸ்டனின் நண்பன் ஒருவன் திடீரென்று காணாமற்போகிறான். மூன்றாம் நாள் ஒரு குழுவின் பட்டியலில் அவன் பெயரே இல்லை. அப்படி ஒருவன் இருந்ததாகவே யாரும் காட்டிக்கொள்வதில்லை. எங்கள் மேடையில் கிராணி செக்ரோலைத் திறந்து, ஒரு பெயரை அழித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நம் நாட்டு மேடையில்

இந்தக் கதையை மலேசிய மண்ணுக்குக் கொண்டுவந்ததில் நாங்கள் முதல்வர்கள் அல்லர். பினாங்கில் பிறந்த பத்திரிகையாளர் கீ துவான் சாய், '1984 இங்கே, இப்போது' என்று பொருள்படும் ஆங்கில நாடகத்தை எழுதினார். 1985-இல் கிருஷன் ஜிட் அதை இயக்கி மேடையேற்றினார். நம் நாட்டின் இனப் பாகுபாட்டையும், பத்திரிகைக்குப் போடப்படும் வாய்ப்பூட்டையும் அந்த நாடகம் துணிந்து பேசியது. 1987-இல் அது புத்தகமாகவும் வந்தது. அதே கிருஷன் ஜிட் 1984-இல் சிலரோடு சேர்ந்து 'ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர்' என்ற கலைக்குழுவை நிறுவியவர். அந்த நிறுவனர்களில் ஒருவர் கெடா, பீடோங்கில் பிறந்து, தோட்டத் தமிழர் வாழ்வை ஆங்கிலத்தில் எழுதிய கே.எஸ். மணியம் என்பது நமக்குப் பெருமை.

வெளிநாட்டிலும் இந்தக் கதை சும்மா இருந்ததில்லை. 1954 டிசம்பர் 12-இல் பி.பி.சி. தொலைக்காட்சி இதை நாடகமாக ஒளிபரப்பியபோது, பயங்கரமாக இருக்கிறது என்று புகார்கள் குவிந்தன. நாடாளுமன்றம் வரை பேச்சுப் போனது. ஆனாலும் அதே வாரத்தில் நடிகர்கள் மறுபடியும் நேரடியாக நடித்தார்கள். 2013-இல் அமெரிக்க உளவுத்துறை பொதுமக்களின் தொலைபேசி, இணையத் தகவல்களைத் திரட்டுவதை எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்தினார். உடனே கடைகளில் இந்தப் பழைய நாவலின் விற்பனை ஏறியது. அதே ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காமில் புதிய மேடை வடிவம் அரங்கேறி, 2017-இல் நியூயார்க் பிராட்வே வரை சென்றது.

நான் செய்த தவறு

ஒத்திகை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் தங்கள் பிழைகளைத் தாங்களே பார்க்கட்டும் என்று ஒரு காட்சியைக் கைத்தொலைபேசியில் பிடித்தேன். பெற்றோர் பார்த்தால் மகிழ்வார்களே என்று புலனக் குழுவிலும் போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. நல்லதுதானே செய்கிறேன் என்ற நினைப்பு.

அந்தக் காணொளியிலிருந்து யாரோ பதினான்கு விநாடியை மட்டும் வெட்டியெடுத்தார்கள். வின்ஸ்டனாக நடிக்கும் பையன் ஜூலியாவாக நடிக்கும் பெண்ணின் கையைப் பிடிக்கும் இடம். 'பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் குடுக்குறாங்க பாருங்க' என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். மாலைக்குள் அது செம்பனை ஆலையில் வேலை செய்யும் அவள் தகப்பனாரின் கைக்கே வந்து சேர்ந்தது. மறுநாள் பெண் வரவில்லை. நாடகம் மட்டுமல்ல, மாலை டியூசனும் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். எஸ்.பி.எம். தேர்வுக்கு ஓராண்டே இருந்த பிள்ளை.

கண்காணிப்பைப் பற்றி நாடகம் போட வந்த நானே அந்தப் பிள்ளையைக் கண்களுக்கு இரையாக்கிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"டீச்சர், உங்க மேல கோவம் இல்லை" என்றார் தகப்பனார். "ஆனா ஆலையில நாலு பேரு என் போனையே வாங்கிப் பார்த்தானுங்க. நான் என்னா பதில் சொல்றது?"

"முதல்ல குழுவுல போட்டது நான்தாண்ணே. பிள்ளைகிட்டயும் கேட்கலை, உங்ககிட்டயும் கேட்கலை. மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளேயிருந்து பாட்டிதான் பேசினார். "அன்னிக்குக் கேட்டுல எங்கம்மா தூக்குச்சட்டியத் தெறந்து பார்த்தான். பார்த்துட்டு மூடித் திருப்பிக் குடுத்துட்டான். இவனுங்க மூடவே மாட்டேங்கிறானுங்களே!"

இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அந்தக் காலத்துச் சோதனை கொடுமைதான். ஆனால் கேட்டைத் தாண்டினால் அது முடிந்துவிடும். இன்று ஒரு தடவை திறந்த சட்டி திறந்தேதான் கிடக்கிறது. ஊர்விட்டு ஊர், ஆண்டுவிட்டு ஆண்டு, யார் யார் கையிலோ சுற்றிக்கொண்டிருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் காக்கும் தகவலுக்கும் இதே கதிதான். 2017-இல் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரம் கசிந்தது வெளிச்சத்துக்கு வந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அது அதிகம்!

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. கடை, வங்கி, தொலைபேசி நிறுவனம் போன்றவை வணிகத்துக்காக நம்மிடம் வாங்கும் தகவலுக்கு அது பொருந்தும். மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டுக்காரர் புலனத்தில் அனுப்பும் காணொளியையும் அது தொடாது. தகவல் கசிந்தால் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்ற கடமை 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தது. 2010-இல் சிவராசா ராசையா வழக்கில், அரசியலமைப்பின் 5-ஆவது விதி கூறும் தனிமனிதச் சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் எழுதினார்.

இந்தியாவில் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதிபதி, ஆதார் அட்டைத் திட்டத்தை எதிர்த்து 2012-இல் வழக்குத் தொடுத்தபோது அவருக்கு வயது 86. 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தார்கள். வயதானவர்களால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. பதிவு என்றாலே தீமை என்று நான் சொல்லவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல், அல்லது சிவப்பு அட்டையோடு ஆயுள் முழுவதும் அலைந்தவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! பள்ளியில் சேர்க்கவும், மருத்துவமனையில் காட்டவும் பெயர் எங்காவது பதிவாகியிருக்க வேண்டும். பதிவேட்டில் இல்லாதவனின் துன்பம் நமக்குத் தெரியும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. யார் பார்க்கிறார்? எதற்காகப் பார்க்கிறார்? பார்த்ததை மூடித் திருப்பிக் கொடுப்பாரா?

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், அது 59-ஆவது. அரசனுக்கு ஒற்றன் வேண்டும் என்கிறார். ஆனால் ஓர் ஒற்றன் சொன்னதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவும் சொல்கிறார். அதற்கு முந்திய 58-ஆவது அதிகாரம் எது தெரியுமா? கண்ணோட்டம். இரக்கத்தோடு பார்ப்பது. முதலில் கண்ணோட்டம், அதன் பிறகே ஒற்றாடல். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமலைக் கேட்டுச் சுக்குத் தட்டிய அம்மாளும் நம்மைக் கவனித்தவர்தான். அவரை நாமும் கவனித்தோம். அவருக்கு முகம் இருந்தது. பதினான்கு விநாடியை வெட்டி அனுப்பியவருக்கு முகம் இல்லை.

அரங்கேற்றம்

அன்று வீட்டைவிட்டுக் கிளம்புமுன் அந்தப் பெண்ணிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். அதுவரை அவளை யாருமே கேட்கவில்லை. "நான் வர்றேன் டீச்சர். ஆனா மேடைக்கு வேணாம்" என்றாள். தகப்பனார் அவளைப் பார்த்தார், பிறகு தலையசைத்தார். டியூசனுக்கும் அடுத்த வாரமே அனுப்பிவிட்டார்.

ஜூலியா வேடத்தை ஈப்போவில் வேலை செய்யும் இருபத்தாறு வயதுப் பழைய மாணவி ஒருவர் ஏற்றுக்கொண்டார். "என்னைப் பத்தி எவன் பேசினா எனக்கென்ன டீச்சர்?" என்றார் அவர். அந்தப் பெண் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து தொலைத்திரையின் குரலானாள். அதட்டாமல், கெஞ்சாமல், நிதானமாக அவள் பேசியதைக் கேட்டு முன்வரிசைக் குழந்தைகள் தாயின் மடியில் ஒண்டிக்கொண்டன.

வாசலில் கூடை வைத்து எல்லோர் கைத்தொலைபேசியையும் வாங்கிவிடலாம் என்று நான் நினைத்தேன். "அதுவும் கேட்டுச் சோதனைதானே டீச்சர்?" என்று கேட்டான், இந்தக் கதையை முதலில் சொன்ன பையன். வாங்கவில்லை. அணைத்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான்.

கடைசிக் காட்சியில் வின்ஸ்டன் பெரியண்ணனின் கண்களைப் பார்த்துக் கும்பிட்டபோது யாரும் கைதட்டவில்லை. மண்டபம் அப்படியே இருந்தது. பிறகு நடுவரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "அந்தப் பையன் பேரைச் செக்ரோல்ல திரும்ப எழுதுங்கடா!" என்று சத்தம் போட்டார். அதற்குத்தான் கைதட்டல் எழுந்தது. பின்னால் தூணோரம் ஆலை உடையோடு நின்ற தகப்பனாரும் கைதட்டினார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிறர் பிள்ளையின் படத்தை அனுப்புமுன் அந்தப் பிள்ளையையும் பெற்றவரையும் கேளுங்கள். யாரையேனும் தலைகுனிய வைக்கும் காணொளி உங்களிடம் வந்தால், அது உங்களோடு நிற்கட்டும். அதிர்ஷ்டக் குலுக்கு என்றும், இலவசப் பரிசு என்றும் சொல்லி அடையாள அட்டை எண்ணைக் கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். வீட்டு வாசலில் கேமரா வைத்தால் அது உங்கள் வாசலைப் பார்க்கட்டும். எதிர்வீட்டுச் சன்னலைப் பார்க்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. எனக்குப் பதினைந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவன் தூங்கிய பிறகு அவன் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு இருந்தது. தாய்க்கு அந்த உரிமை உண்டு என்றுதான் நினைத்தேன். நாடகம் முடிந்த இரவு அவனிடம் அதை ஒப்புக்கொண்டேன். "எனக்குத் தெரியும்மா" என்றான். "அதனாலதான் எல்லாத்தையும் அழிச்சிட்டுத் தூங்குவேன்."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இத்தனை நாளும் நான் என் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. அவன் துடைத்துவைத்த கண்ணாடியைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது கேட்டுவிட்டுப் பார்க்கிறேன். சில நாள் காட்டுகிறான். சில நாள், "இன்னிக்கு வேணாம்மா" என்கிறான். வேண்டாம் என்று சொல்லும் நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பி குடிக்கிறோம். பேச்சு தானாக வருகிறது.